ஊட்டியில் புல்வெட்டும் ரோபோவைப் பராமரிக்க

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள், கையுறை போடுங்கள். அதற்குப் பிறகுதான் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்ய ரோபோவைக் கவிழ்க்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. இங்கே தரையில் படரும் கிக்குயு என்ற புல்லின் தண்டு நாராக நீண்டு, பிளேடுகள் பொருத்திய சுழலும் தட்டின் அச்சில் இறுகச் சுற்றிக்கொள்ளும். என் வேலையில் பாதி இந்த நாரோடுதான். வெட்டு சரியில்லை என்றதும் பிளேடு மழுங்கிவிட்டது என்பார்கள்; நாரை அறுத்தெடுத்தால் விரலால் தட்டினாலே தட்டு சுழலும். தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், பிரஷ் போதும். பிளேடு மாற்றும்போது அதன் திருகாணியையும் மாற்றுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும்; இழந்த கொள்ளளவு பிறகு முழுசாகத் திரும்பாது. வெயில் ஏறி, பனி உருகிக் காய்ந்தபின்தான் ஓட்டமும் சார்ஜும். உறைந்த புல்லில் சக்கரம் ஏறினால் தடம் கருகி நிற்கும். சரிவில் வழுக்கினால், மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் சக்கரப் பள்ளங்களில் அப்பிய செம்மண்ணைச் சுரண்டிப் பாருங்கள்.