மாற்று போன் வாங்கும் முன் சிம்மைக் கவனியுங்கள்

கையிலிருக்கும் போன் பழுதாகி அவசரமாக வேறொன்று வாங்கும்போது, பெரும்பாலோர் விலையையும் கேமராவையும் பார்த்துவிட்டு, தாம் பயன்படுத்தும் ப்ரீபெய்டு சிம்முக்கு அது ஒத்துவருமா என்பதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவைகள் இல்லை என்பதால், 4ஜி வழியாகவே குரல் அழைப்பு செய்ய உதவும் வோல்ட்இ வசதியில்லாத பழைய கருவியில் அந்தச் சிம்மைப் போட்டால் சாதாரண அழைப்பே போகாது. பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்கள் இன்னும் கவனமாக, அந்நிறுவனத்தின் 4ஜி பயன்படுத்தும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையான பேண்டு 28 அந்தக் கருவியில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் 4ஜி என்று அச்சிட்டிருப்பது மட்டும் போதாது.

5ஜி போனுக்குக் கூடுதலாகச் செலவிடுவது உங்கள் ரீசார்ஜைப் பொறுத்தது. 2024 ஜூலையில் கட்டணங்களை உயர்த்தியபோது, அளவற்ற 5ஜியை நாளொன்றுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களுக்கு மட்டுமே என ஜியோ வரையறுத்தது. அதைவிடச் சிறிய திட்டத்திலேயே தொடர்பவர், அந்தப் பணத்தை அதிக ரேமுக்கும் நல்ல பேட்டரிக்கும் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து.

பழைய போன் வாங்குவதானால், பணம் கொடுப்பதற்கு முன் அதில் *#06# என்று அழுத்தி, திரையில் தோன்றும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) குறித்துக்கொண்டு, கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். முடக்கப்பட்ட போன்களின் கருப்புப் பட்டியலில் உள்ளது என்றோ, போலி எண் என்றோ பதில் வந்தால், விற்பவர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்காதீர்கள்.