கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்கினேன்

இரவில் படுத்ததும் நெஞ்சு படபடக்கும். நாளைய வேலை, இன்னும் வராத பதில், என்றோ யாரோ சொன்ன சொல் எல்லாம் வரிசைகட்டி வரும். "கவலைப்படாதே" என்ற அறிவுரை எனக்கு ஒருநாளும் உதவியதில்லை. உதவியது, கவலைக்கென்றே தனியாக நேரம் ஒதுக்கியதுதான்.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் குழுவினரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில் வந்த முறை இது. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், 30 நிமிடம். நான் மாலையில் வைத்துக்கொண்டேன். படுக்கையில் மட்டும் வேண்டாம். பகலில் கவலை தலைதூக்கினால் அதை ஒரு வரியாக நோட்டில் எழுதிவிட்டு, செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்புவேன். மாலையில் எடுத்துப் படித்தால் பாதிக்கு மேல் உப்புச்சப்பில்லாமல் போயிருக்கும். மிச்சமிருப்பதில் என்னால் ஆகக்கூடியது எது என்று பார்த்து, அடுத்து செய்யவேண்டிய ஒரு சின்ன வேலையை மட்டும் எழுதுவேன். ஆரம்பத்தில் மனம் அடம்பிடித்தது உண்மை. விடாமல் செய்யச் செய்ய, "சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் கேட்கத் தொடங்கியது. எனக்கு அது பெரிய விடுதலை.

திடீர்ப் படபடப்புக்கு மூச்சுதான். 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே. வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு தணிகிறது. சாயங்காலக் காபியையும் நிறுத்தினேன். அதிலுள்ள, தூக்கத்தை விரட்டும் பொருளான காஃபீனில் பாதி உடலிலிருந்து கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போயிருந்தால் இவற்றை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.