ஸ்பீக்கர் வயரை மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனை

எங்கள் ஹாலில் உள்ள இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களுக்கும் தடிமனான புது வயர் போட்டதும் பாஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) நன்றாக எழும்பியது. ஒரு வாரம் கழித்துப் பழைய வயரையே மாட்டிப் பார்த்தேன். பாஸ் குறையவே இல்லை. முன்பு ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருந்திருக்கிறது. புது வயர் மாட்டும்போது அது சரியாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் முதலில் இதைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அந்தப் பக்க வயர்களை மட்டும் கழற்றுங்கள். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸில், ஆம்ப்ளிஃபயரின் பிளஸில் இருந்த கம்பியையும் மைனஸில் மற்றதையும் ஒரே நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று சத்தம் வரும். வூஃபரின் (பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கரின்) கோனில், அதாவது அதன் கூம்புத் தாளில், விரல் நுனியை மெல்ல வைத்திருந்தால் அது எந்தப் பக்கம் அசைகிறது என்று தெரியும். பெரும்பாலும் வெளியே தள்ளும். முக்கியமானது, இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று தள்ளி மற்றது இழுத்தால் ஒன்றின் பாஸை மற்றது அழித்துவிடும். பாடகரின் குரலும் நடுவில் நிற்காமல் சிதறும்.

அடுத்து தடிமன். 0.5 சதுர மி.மீ. செம்பு வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.039 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர், ஆக 0.39 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இது 5 சதவீதம்; இழப்பு 0.4 டெசிபல்தான். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 10 சதவீதம் ஆகிவிடும், அங்கே மாற்றுவது நியாயம். 2.5 சதுர மி.மீ. போட்டால் 0.08 ஓம்தான். அதற்கு மேல் வெள்ளி வயர், விசேஷ வயர் எதற்கும் நான் காசு கொடுக்க மாட்டேன்.

உறையை பிளேடால் சீவாதீர்கள், உள்ளே நாலைந்து இழை அறுந்துவிடும். வயர் ஸ்ட்ரிப்பர் ஒன்று வாங்கிவிடுங்கள். இழைகளை முறுக்கி மாட்டியபின் ஒன்றுகூடப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது. தொட்டால் ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபயரே போய்விடலாம்.

பின்சேர்க்கை: தடிமனான வயர் போட்டும் மல்டிமீட்டரில் ஓம் கூடுதலாகக் காட்டுகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் கூடுதல் என்றால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதற்கு மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.