காதலா, பட்டமா: இளவரசர் கதைகள் எங்கே சறுக்குகின்றன?

பட்டத்து இளவரசன் ஒருத்தியை விரும்புகிறான், அரண்மனை மறுக்கிறது. சரித்திர நாடகம் எழுதும் பலர் இவ்வளவை வைத்துக்கொண்டே வசனத்துக்குப் போய்விடுகிறார்கள். எந்த விதியின் பேரில் மறுப்பு என்பதை முடிவு செய்யாததுதான் பெரிய தவறு. அப்பாவின் கோபம் மட்டுமே தடை என்றால், அவர் மனமிரங்கிய நிமிடமே கதை முடிந்துவிடும். யார் சம்மதிக்க வேண்டும், மீறினால் எதை இழப்பான், எந்தத் தேதிக்குள் முடிவெடுக்க வேண்டும்: மூன்றுக்கும் ஒரு வரிப் பதில் கிடைக்காமல் முதல் காட்சியைத் தொடாதீர்கள்.

ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்து வாரிசு பிரான்ஸ் ஃபெர்டினாண்டைப் பாருங்கள். அவர் விரும்பிய சோஃபி சோடெக் பொஹீமியாவின் பழைய பிரபுக் குடும்பத்துப் பெண். ஆனால் அந்தப் பேரரசை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் விதிப்படி ஆளும் குலத்துக்குச் சமமானவர் இல்லை. இப்படிப்பட்ட நாயகியைக் குடிசைக்கு அனுப்பிவிடுவது நம்மவர்களின் வழக்கம். அது வீண். இடைவெளி சிறிதாக இருக்கும்போதுதான் விதியின் குரூரம் பளிச்சென்று தெரியும்.

அடுத்த சறுக்கல், முடிவுகள் இரண்டே என்று நினைப்பது: ஒன்று காதலைத் துறப்பான், அல்லது முடியைத் துறப்பான். ஃபெர்டினாண்ட் இரண்டையும் துறக்கவில்லை. 1900 ஜூன் 28 அன்று வியன்னா ஹோஃப்பர்க் அரண்மனையில் பேரரசர் முன்னிலையில், மனைவிக்கு அரசி அந்தஸ்தும் பிறக்கும் பிள்ளைகளுக்கு வாரிசுரிமையும் கிடையாது என்று உறுதிமொழி எடுத்தார். ஜூலை 1 அன்று திருமணம். பேரரசர் வரவில்லை. நாடகம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அரசவை வரிசையில் சோஃபியின் இடம், வயதில் மிகச் சிறிய இளவரசிக்கும் பின்னால். அரச விழாக்களில் கணவரின் வண்டியில் ஏற முடியாது. இறந்த பிறகும் ஹாப்ஸ்பர்க் கல்லறையில் அவருக்கு இடமில்லை என்பதால், இருவரும் ஃபெர்டினாண்டின் ஆர்ட்ஸ்டெட்டன் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார்கள். திருமணத்தோடு திரையை இறக்குபவர்கள் இத்தனை காட்சிகளையும் கோட்டைவிடுகிறார்கள்.

சரயேவோவில் இருவரும் சுடப்பட்டது 1914 ஜூன் 28. உறுதிமொழி எடுத்த அதே தேதி. இதை ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்ல வைக்காதீர்கள். பார்ப்பவர்கள் தாங்களே கண்டுகொள்ளட்டும்.

கடமை வெறும் சொல்லாக நிற்பதும் குறைதான். ஃபெர்டினாண்டுக்கு ஆட்சியில் உண்மையான ஆசை இருந்தது. பெல்வெடேர் அரண்மனையில் தனி ராணுவ அலுவலகம் நடத்தினார், பேரரசை மாற்றியமைக்கும் திட்டங்களைப் பரிசீலித்தார். இளவரசனுக்கு முடியின் மேல் ஆசையே இல்லையென்றால், அதைத் துறப்பதில் என்ன தியாகம்?

காதலுக்காக முடி துறந்த பிரிட்டனின் எட்டாம் எட்வர்டை இந்த வரிசையில் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1936 டிசம்பரில் முடி துறந்தபோது அவர் வாரிசு இல்லை, மன்னர். மனைவிக்கு அரசிப் பட்டம் இல்லாத திருமணத்துக்கும் அவர் முயன்றார். பிரிட்டன் சட்டத்தில் அப்படியொரு திருமணத்துக்கு இடமில்லை, அதற்காகப் புதுச் சட்டம் கொண்டுவர அரசும் சம்மதிக்கவில்லை. ஃபெர்டினாண்டுக்குத் திறந்த கதவு அவருக்கு மூடியது இப்படித்தான்.

இந்த ஐரோப்பியச் சிக்கலை அப்படியே முகலாயர், சோழர் அரண்மனைகளுக்குள் கொண்டுவந்தால் கதை இடறும். அங்கே மன்னனுக்கு மனைவியர் பலர். இராஜராஜனின் தேவியர் பலரின் பெயர்கள் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே உள்ளன. இன்னொருத்தியை மணப்பதாலேயே பட்டம் பறிபோகாது. சண்டை வர வேண்டுமானால், எந்தத் தேவியின் மகனுக்கு இளவரசுப் பட்டம் என்ற கேள்வியில் வர வேண்டும். இராஜராஜன் உயிரோடு இருக்கும்போதே, 1012 வாக்கில், இராஜேந்திரனுக்கு அந்தப் பட்டம் கட்டப்பட்டது. சோழர் கதையில் காதலைக் கொண்டுவர விரும்பினால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் மற்ற தேவியரின் தரப்பில் அதை வையுங்கள்.