ஆர்சி2014: ஒரு இசட்80 கணினியை உங்கள் கையால் சால்டர் செய்வது எப்படி?

கணினிக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது, இசட்80 என்ற பழைய பிராசசரில் ஓடும் கணினியை நாமே கோக்க வைக்கும் ஆர்சி2014 கிட்டைத்தான். இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்பென்சர் ஓவன் வடிவமைத்தது. அடிப்படைச் சுற்று கிராண்ட் சியர்ல் என்பவருடையது. பிராசசர், அதற்குத் துடிப்பு தரும் கிளாக், நினைவகங்களான ரேம், ரோம், வெளியுலகோடு பேசும் சீரியல் என ஐந்துக்கும் தனித்தனி போர்டு. எல்லாம் பேக்பிளேன் என்ற நீளமான பலகையில் வரிசையாகச் செருகி நிற்கும். ஒரு வேலைக்கு ஒரு போர்டு என்பதால், தப்பு நடந்தால் எங்கே என்று கண்டுபிடிப்பதும் சுலபம்.

வாங்க வேண்டியவை: சூட்டைக் கூட்டிக் குறைக்க முடிகிற சால்டரிங் அயன் (ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் கருவி), நடுவில் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பொருள்) உள்ள 0.8 மி.மீ. ஈயக் கம்பி (60/40), கட்டர், மல்டிமீட்டர், ஈரப் பஞ்சு. குழாய் வேலைக்கு விற்கிற ஃப்ளக்ஸ் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள அமிலம் போர்டை அரித்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

முதல் இணைப்பு

கிளாக் போர்டிலிருந்து ஆரம்பியுங்கள். அயனை 350 டிகிரியில் வைத்து, நுனியைப் பஞ்சில் துடைத்து, துளி ஈயம் பூசுங்கள். இப்போது நுனி, பாகத்தின் காலையும் அதைச் சுற்றியுள்ள செம்பு வளையத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு விநாடி பொறுத்து, ஈயக் கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து காலில் வையுங்கள். அயன் மேல் வைக்காதீர்கள். ஈயத்தை உருக்க வேண்டியது காலின் சூடு. சரியாகச் சூடேறியிருந்தால் ஈயம் சட்டென்று வளையம் முழுக்கப் பரவிக் காலில் ஏறும். முதலில் கம்பியை எடுங்கள், பிறகு அயனை. ஆறும்வரை போர்டு அசையக் கூடாது. காலைச் சுற்றி, பளபளவென்று சின்னக் கூம்பு மாதிரி நின்றால் நல்ல இணைப்பு. முத்துப்போல் உருண்டு நின்றால் அடியில் ஒட்டவில்லை என்று அர்த்தம், மறுபடி சூடாக்குங்கள்.

உயரம் குறைந்த பாகங்கள் முதலில்: ரெசிஸ்டர், பிறகு ஐசி (சிப்) செருகும் சாக்கெட், அதன் பிறகு கெபாசிட்டர், துடிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல், கடைசியில் பேக்பிளேனில் செருகுகிற பின் (ஊசி) வரிசை. 104 என்று எழுதிய சின்ன கெபாசிட்டர் 100 நானோஃபேரட். அதை எந்தப் பக்கம் திருப்பியும் போடலாம். சாக்கெட் அப்படியில்லை. அதன் ஒரு முனையிலுள்ள பிறை வடிவப் பள்ளம், போர்டில் அச்சடித்த பள்ளத்தோடு பொருந்த வேண்டும். 40 பின் வரிசையில் முதலில் இரண்டு ஓரங்களை மட்டும் ஒட்டி, நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நாற்பதையும் ஒட்டியபின் கோணலைச் சரிசெய்வது பெரும்பாடு.

ஐசி போடுவதற்கு முன்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். தனியாக விற்ற இசட்80 சிப்புக்கு 2024 ஜூனோடு ஜைலாக் நிறுவனம் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டது. 1976-ல் சந்தைக்கு வந்த சிப்பின் வம்சம் அது. கையில் இருப்பதைக் கருக்கிவிடக் கூடாது.

பேக்பிளேனில் 17-வது பின் கிரவுண்ட் (0 வோல்ட்), 18-வது பின் 5 வோல்ட். ஐசி எதுவும் இல்லாமல், மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து இரண்டையும் தொடுங்கள். விடாமல் ஒலித்தால் எங்கோ ஈயம் பாலம் போட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கரண்ட் கொடுக்காதீர்கள். ஒலிக்கவில்லையென்றால் நிலையான 5 வோல்ட் கொடுத்து, காலி சாக்கெட்டுகளை அளந்து பாருங்கள். ரேம், ரோம் சாக்கெட்டில் 28-வது காலுக்கும் 14-வது காலுக்கும் இடையே 5 வோல்ட் வர வேண்டும். இசட்80-க்கு மின்சாரம் மூலைகளில் இல்லை. 11-வது கால் 5 வோல்ட், 29-வது கால் கிரவுண்ட். 68பி50 சீரியல் சிப்புக்கு 12-வது கால் 5 வோல்ட், 1-வது கால் கிரவுண்ட்.

எல்லாம் சரியா? மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஐசிகளைச் செருகுங்கள். புது ஐசியின் கால்கள் சற்று அகன்றிருக்கும். மேசைமேல் பக்கவாட்டில் வைத்து மெல்ல அழுத்தினால் நேராகும்.

பேச வைப்பது

5 வோல்ட் யுஎஸ்பி சீரியல் கேபிளால் மடிக்கணினியோடு இணையுங்கள். மடிக்கணினியில் டெர்மினல் மென்பொருளைத் திறந்து (கேபிள் வழியே வரும் எழுத்துகளைக் காட்டுவது) இப்படி அமையுங்கள்: வேகம் 115200, 8 பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். 115200 எங்கிருந்து வந்தது என்றால், 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 64-ஆல் வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் வரும். அதற்காகத்தான் அந்த விநோதமான கிரிஸ்டல்.

ரீசெட் அழுத்தினால் 'மெமரி டாப்?' என்று கேட்கும், என்டர் தட்டுங்கள். 1978-ன் மைக்ரோசாஃப்ட் பேசிக் என்ற நிரல் மொழி எழுந்து, 32382 பைட் காலியாக இருக்கிறது என்று சொல்லும்.

திரை வெறுமையாக இருந்தால் முதலில் கேபிளின் டிஎக்ஸ் (அனுப்பும் கம்பி), ஆர்எக்ஸ் (வாங்கும் கம்பி) மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து 17-வது பின்கள். நான் செய்த முதல் கணினி, ஒரு போர்டை பேக்பிளேனின் ஒரு ஸ்லாட்டில் செருகினால் ஓடியது, பக்கத்து ஸ்லாட்டில் செருகினால் ஊமையாக நின்றது. இரண்டு மாலை தேடினேன். கிரவுண்ட் பின்னைச் சுற்றி அகலமான செம்புத் தகடு இருப்பதால் அது சூட்டை இழுத்துக்கொள்கிறது. மற்ற பின்களுக்குப் போதுமான ஒரு விநாடி அதற்குப் போதவில்லை. அயனை மூன்று விநாடி வைத்து மறுபடி உருக்கினேன், ஈயம் உள்ளே இறங்கியது. ரீசெட் அழுத்தி 'பிரிண்ட் 2+2' என்று தட்டினேன். அடுத்த வரியில் 4 வந்து நின்றது.