பூக்களின் பள்ளத்தாக்குக்கு இருவராகச் சென்று வருவது எப்படி: முதன்முறை மலை நடப்போருக்கான செய்முறை விளக்கம்

உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா, மலைநடையில் முன்பழக்கம் இல்லாத கணவனும் மனைவியும் முறையான ஆயத்தத்தோடு சென்று வரக்கூடிய இடம். 1931-இல் காமெட் சிகரத்தில் ஏறிவிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் மலையேறி ஃபிராங்க் ஸ்மைத்தும் அவருடைய தோழர்களும் இந்தப் பள்ளத்தாக்கைக் கண்ட பிறகுதான் இதன் பெயர் வெளியுலகில் பரவியது. 1982-இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கே கயிறு பிடித்து ஏறவேண்டிய பாறைகள் கிடையாது, கூடாரத்தைச் சுமக்கவும் தேவையில்லை. ஆனால் உயரம், மழை, நிலச்சரிவு ஆகிய மூன்றையும் கணக்கில் கொள்ளாமல் புறப்படக் கூடாது.

இருவராகச் செல்லும் பயணத்துக்கு நான் வலியுறுத்தும் விதி ஒன்றுதான்: திட்டத்தில் வரும் ஒவ்வொரு நேரத்தையும் உங்கள் இருவரில் மெதுவாக நடப்பவரை வைத்தே கணக்கிடுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த விதியை ஒட்டியே அமைந்தவை.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். ஜூன் மாதத்தில் ஆங்காங்கே பனித்திட்டுகள் எஞ்சியிருக்கும். பூக்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கும். ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பூக்கள் மிக அதிகம். மழையும் அப்போதுதான் மிக அதிகம். செப்டம்பரில் பூக்கள் குறைந்து, வானம் தெளிந்து, சுற்றியுள்ள சிகரங்கள் நன்றாகத் தெரியும். பூக்களுக்காகவே செல்பவர்கள் ஜூலைக் கடைசியைத் தேர்ந்தெடுக்கலாம். இருவரில் ஒருவருக்கு ஈரத்திலும் வழுக்கலிலும் நடக்கத் தயக்கம் இருந்தால், செப்டம்பர் முதல் பாதிதான் பொருத்தம் என்பது என் கருத்து. ஒருவர் பூவைப் பார்க்க, மற்றவர் காலடியையே பார்த்துக்கொண்டு நடப்பது இருவருக்கும் நிறைவு தராது.

படி 2: உடலைப் பழக்குங்கள்

குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே நடைப்பயிற்சியைத் தொடங்குங்கள். சமதளத்தில் நடப்பது மட்டும் போதாது. மாடிப்படி ஏறி இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு வாரங்கள், பயணத்தில் போடப்போகும் அதே ஷூவை அணிந்து, முதுகுப்பையில் நான்கைந்து கிலோ எடையை வைத்து ஏறுங்கள். புது ஷூவை மலையில் முதன்முதலாகப் போட்டால் குதிகாலில் கொப்புளம் வருவது ஏறக்குறைய உறுதி. இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா போன்றவை இருப்பவர்கள் மருத்துவரிடம் உயரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லி ஆலோசனை பெறவேண்டும்.

படி 3: நாட்களைப் பகுத்துக்கொள்ளுங்கள்

முதல் நாள் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை சாலைப் பயணம். முழுப் பகலும் இதற்கே போய்விடும். வழியில் தேவப்பிரயாகையில் இறங்கி, அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்து கங்கை என்னும் பெயர் பெறும் இடத்தைப் பாருங்கள். பெரியாழ்வார் பாடிய 'கண்டமென்னும் கடிநகர்' இதுவே. இரண்டாம் நாள் கோவிந்த்காட் வழியாக, பள்ளத்தாக்குக்குச் செல்வோர் தங்கும் ஊரான காங்கரியாவுக்கு நடை; மூன்றாம் நாள் பள்ளத்தாக்கு; நான்காம் நாள் சீக்கியர் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிப் அல்லது ஓய்வு; ஐந்தாம் நாள் இறக்கமும் பத்ரிநாத்தும்; ஆறாம் நாள் திரும்புதல். இவற்றோடு இரண்டு நாட்களை எந்த வேலையும் ஒதுக்காமல் உபரியாக வைத்திருங்கள். மழைக்காலத்தில் பத்ரிநாத் சாலை நிலச்சரிவால் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் அடைபடுவது வழக்கம். புறப்படுமுன் உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் யாத்திரைப் பதிவு உங்களுக்குத் தேவையா என்பதையும் சரிபாருங்கள்.

படி 4: காங்கரியாவுக்கு ஏறுங்கள்

கோவிந்த்காட் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காங்கரியா சுமார் 3,050 மீட்டர். புல்னா கிராமம் வரை நான்கு கி.மீ. ஷேர் ஜீப் செல்லும். அங்கிருந்து ஏறத்தாழ பத்து கி.மீ. நடக்கவேண்டும். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்குப்படி, ஐந்து கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம் ஆகும். புல்னாவிலிருந்து ஏற்றத்தை ஆயிரம் மீட்டர் என வைத்துக்கொண்டால் மொத்தம் மூன்று மணி நாற்பது நிமிடம். இது பழகியவர்கள் நிற்காமல் நடக்கும் கணக்கு. முதன்முறை நடப்பவர்கள் ஆறு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. ஆகவே காலை எட்டு மணிக்குள் நடையைத் தொடங்கிவிடுங்கள். பியூண்டார் கிராமத்தைத் தாண்டி ஆற்றின் மறுகரைக்குப் போனதும் ஏற்றம் கடுமையாகும். அங்கே மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். வேகமானவர் முன்னே போய் நின்று காத்திருந்து, மற்றவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பினால், ஓய்வு ஒருவருக்குத்தான் கிடைக்கும், அதுவும் தேவைப்படாதவருக்கு. பெரிய பைகளைக் கோவேறு கழுதையிலோ சுமைதூக்கியிடமோ கொடுத்துவிடலாம். கூலியை முன்கூட்டியே பேசி முடியுங்கள். போதிய ரொக்கத்தை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். காங்கரியாவில் விடுதிகளும் குருத்வாராவும் உண்டு.

படி 5: பள்ளத்தாக்கில் ஒரு முழு நாள்

பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை, கடைகளும் இல்லை. காங்கரியாவிலேயே காலையில் மதிய உணவைக் கட்டி வாங்கிக்கொண்டு, வனத்துறைச் சாவடி திறக்கும் நேரத்துக்கே போய், பெயரைப் பதிந்து, சீட்டு வாங்குங்கள். மதியத்துக்குப் பின் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் தாமதித்துப் போய்ப் பயனில்லை. ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் புட்டி, முழங்கால் வரை மறைக்கும் மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, மாற்றுக் காலுறை ஆகியவற்றைத் தனித்தனிப் பைகளில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால், இருவரும் சற்று விலகி நடக்கும்போது மழை பிடித்தால் ஒருவர் நனையவேண்டியிருக்கும்.

பாதை முதலில் புஷ்பவதி ஆற்றுப் பாலத்துக்கு இறங்கி, பிறகு பூர்ஜ (birch) மரங்களுக்கிடையே ஏறுகிறது. இந்த ஏற்றத்தில்தான் பலர் சோர்கிறார்கள். இதைத் தாண்டிவிட்டால் பள்ளத்தாக்கு விரிந்து, நடை எளிதாகிவிடும். இங்கே வேகத்தைக் குறைத்து, பாதையோரத்தில் குனிந்து பாருங்கள். தோட்டத்துக் காசித்தும்பையின் உறவான இமயமலைத் தும்பை இடுப்பளவு உயரத்தில் இளஞ்சிவப்பாக அடர்ந்து நிற்கும். அதன் முற்றிய காய் இலேசாகப் பட்டாலே சுருண்டு வெடித்து விதைகளைத் தெறிக்கும். நீலப் பாப்பி அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. பாறை இடுக்குகளில் தனித்தனியாக நிற்கும் அதன் தண்டிலும் இலையிலும் கூரிய முட்கள் இருக்கும். இதழ்கள் மெல்லிய காகிதம் போலக் கசங்கியிருக்கும். ஒருவர் பாதையின் இடப்பக்கத்தையும் மற்றவர் வலப்பக்கத்தையும் பார்த்துக்கொண்டே சென்றால் இப்படிப்பட்ட செடிகள் தப்பாது. பூவைப் பறிக்காதீர்கள், படம் எடுப்பதற்காகப் புல்வெளிக்குள் இறங்காதீர்கள். ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே பனி விலகும் மண்ணில், மிதிபட்ட செடி மீள நெடுங்காலம் ஆகும்.

1939-இல் தாவரங்களைச் சேகரிக்க வந்து, இங்கே சரிவில் விழுந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக்கின் கல்லறை பள்ளத்தாக்கின் உள்ளே இருக்கிறது. நேரம் இருந்தால் அதுவரை செல்லலாம். ஆனால் திரும்பும் நேரத்தைக் காலையிலேயே இருவரும் பேசி முடிவு செய்து, அந்த நேரம் வந்ததும் எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள். மதியம் ஒரு மணி என வைத்துக்கொண்டால் அவசரமின்றி வெளியே வரலாம்.

படி 6: ஹேம்குண்ட் சாகிப் போகலாமா என்று முடிவெடுங்கள்

ஏரிக்கரையில் அமைந்த இந்த சீக்கியர் புனிதத் தலம் 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காங்கரியாவிலிருந்து ஆறு கி.மீ. செங்குத்தான ஏற்றம். ஆகஸ்ட், செப்டம்பரில் பிரம்மகமலம் பூத்திருப்பதை இந்தப் பாதையின் மேற்பகுதியில் பார்க்கலாம். உடல் உயரத்துக்குப் பழக அவகாசம் கிடைக்கும் என்பதால்தான் பள்ளத்தாக்கை முதலில் வைத்து, இதை மறுநாளுக்கு வைத்தோம்.

2,500 மீட்டரைத் தாண்டினாலே உயர நோய் வரக்கூடும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். காலையில் எழுந்ததும் ஒருவரையொருவர் இவற்றைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். துணையின் ஆசையைக் கெடுக்கக் கூடாது என்று தலைவலியை மறைப்பவர்கள் நிறையப் பேர். உயரத்தில் இது ஆபத்து. அறிகுறி இருந்தால் அன்று மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, ஓய்வில் இருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, உடனே கீழே இறங்குவதே முதல் சிகிச்சை. இப்படிப்பட்டவரைத் தனியே அனுப்பக் கூடாது. மற்றவரும் கூடவே இறங்கவேண்டும். களைப்பு மட்டும்தான் என்றால் இந்தப் பாதைக்குக் கோவேறு கழுதை கிடைக்கும். பூங்காவுக்குள் அதற்கு அனுமதி இல்லை.

படி 7: இறக்கமும் பத்ரிநாத்தும்

இறங்கும்போது மூச்சு வாங்காது, ஆனால் முழங்கால் வலிக்கும். ஆளுக்கு ஓர் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு சிறு அடிகளாக இறங்குங்கள். காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் கோவிந்த்காட் வந்துவிடலாம். அங்கிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், திருமங்கையாழ்வார் 'வதரி' என்று பாடிய பத்ரிநாத் இருக்கிறது. அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் காலை மூன்று கி.மீ. அப்பால் உள்ள மாணா கிராமத்தைப் பார்த்துவிட்டு ஜோஷிமட்டுக்கு இறங்குங்கள். திரும்பும் ரயிலுக்கோ விமானத்துக்கோ முன்பதிவு செய்யும்போது, உபரியாக வைத்த அந்த இரண்டு நாட்களுக்குப் பிந்தைய தேதியைக் கொடுங்கள். சாலை அடைபடாமல் அந்த நாட்கள் மிஞ்சினால் தேவப்பிரயாகையிலோ ரிஷிகேஷிலோ தங்கி ஓய்வெடுக்கலாம்.