கண்ணாடிக் கடையில் மேலே வர நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் கண் பரிசோதனைச் சீட்டுக்குப் பஞ்சமில்லை. 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. சீட்டில் இருப்பதை முகத்தில் சரியாக உட்கார வைக்கும் ஆப்டீஷியன்தான் அரிது. கவுண்டருக்கு வரும் புதியவர்கள், இன்றைய மூத்தவர்கள் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளைத் திரும்பச் செய்கிறார்கள். நேரத்துக்கு வருவது, லென்ஸைக் கீறாமல் துடைப்பது போன்றவற்றை எந்த முதலாளியும் சொல்லிக்கொடுத்துவிடுவார். அவை இங்கே வேண்டாம்.

ஃபிரேமைச் சரிசெய்யாமல் புரோகிரசிவ் அளவு எடுப்பது

இத்தனை முறை சொல்லியும் தீராத எரிச்சல் இது. மேலே தூரம், நடுவே இடைத்தூரம், கீழே படிப்பு என்று ஒரே லென்ஸில் பவர் மாறிக்கொண்டே போவதுதான் புரோகிரசிவ். ஃபிரேம் பிடித்துவிட்டது என்றதும் ஸ்கேலைத் தூக்கிவிடுகிறார்கள். மூக்குப் பேட் அகன்று ஃபிரேம் 3 மி.மீ. இறங்கி நிற்கும், அப்படியே லென்ஸின் அடியிலிருந்து கருவிழி மையம் எத்தனை உயரம் என்று குறித்து, லென்ஸ் செய்யும் லேபுக்கு அனுப்புவார்கள். டெலிவரி அன்று பேடை இறுக்கினால் ஃபிரேம் ஏறும், கருவிழி மையத்துக்கு நேரே நிற்க வேண்டிய லென்ஸ் குறியான ஃபிட்டிங் கிராஸ் அதற்கு 3 மி.மீ. மேலே போய்விடும். நேரே பார்த்தால் இடைத்தூரப் பவர் குறுக்கே வரும். பெரியார் பஸ் ஸ்டாண்டில் போர்டு படிக்க மனிதர் தாடையை மார்போடு ஒட்ட வேண்டியிருக்கும். பழி லேப் மேல் விழும். வெட்டிய லென்ஸை இன்னொருவருக்குப் போடவும் முடியாது.

முதலில் பேட், காது வளைவு, சாய்வு மூன்றையும் முடியுங்கள். கீழ் விளிம்பு கன்னத்தை நோக்கி 8 முதல் 12 டிகிரி சாயலாம்; கருவிழிக்கும் லென்ஸுக்கும் சுமார் 12 முதல் 14 மி.மீ. இருக்கட்டும். பிறகு அவர் கண் மட்டத்துக்கே உட்காருங்கள். உங்கள் வலக் கண்ணை மூடி, திறந்திருக்கும் இடக் கண்ணைப் பார்க்கச் சொல்லி, அவருடைய வலக் கருவிழி மையத்தை, ஃபிரேமோடு வரும் பவர் இல்லாத டெமோ லென்ஸில் புள்ளியிடுங்கள். அடுத்த கண்ணுக்கு மாற்றிச் செய்யுங்கள். அவரை எழுந்து நாலடி நடந்து வரச் சொல்லிப் புள்ளிகளை மறுபடி பாருங்கள். உயரத்தைப் புள்ளிக்கு நேர் கீழே அளப்பதா, லென்ஸின் ஆகத் தாழ்ந்த மட்டத்திலிருந்து அளப்பதா என்று லேபிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாய்வான வடிவ ஃபிரேமில் இரண்டும் ஒன்றாக வராது.

இதோடு ஒட்டிப் பிறந்தது பி.டி.யை, அதாவது இரு கருவிழி மையங்களுக்கு இடையிலான தூரத்தை, பாதியாக்குவது. 64 மி.மீ. என்றால் 32, 32 என்று எழுதுகிறார்கள். மூக்கு நடுவில் இல்லாதவருக்கு அது 30.5, 33.5 ஆக இருக்கலாம். லென்ஸ் முழுக்க ஒரே பவர் உள்ள சிங்கிள் விஷனில், இரு கண் பவரும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், இது தெரியாமல் போகும். இரண்டு லென்ஸும் ஒரே பக்கம் நகர்வதால் கண்கள் சமாளித்துவிடும். அதில் பழகிய கைதான் புரோகிரசிவில் மாட்டுகிறது: தூரப் பகுதியிலிருந்து படிக்கும் பகுதிக்கு இறங்கும் குறுகிய பாதையான காரிடாரில் 1.5 மி.மீ. விலகினாலே படிக்கும் பகுதி சுருங்கிவிடும்.

குட்டி ஃபிரேமில் நீளக் காரிடார்

படிக்கும் பகுதி ஆகக் கீழே போய்விடும்; லென்ஸை ஃபிரேம் அளவுக்கு வெட்டும் எட்ஜிங் மெஷின் அதை வெட்டி எறிந்துவிடும்.

தொழிலைக் கேட்காமல் லென்ஸ் விற்பது

தெற்கு ஆவணி மூல வீதி நகைப் பட்டறைக்காரரும் பேங்க் அதிகாரியும் ஒரே தூரத்தில் பார்ப்பதில்லை. 40 செ.மீ.க்குத் தேவை 2.50 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு), 33 செ.மீ.க்கு 3.00. அவர் வேலை செய்வதுபோல் உட்காரவைத்து டேப்பால் அளந்து, தூரத்தைச் சீட்டின் பின்னால் எழுதி, பரிசோதித்தவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

பவரை நீங்களே மாற்றாதீர்கள்.

விற்பனைக் கணக்கை மட்டும் காட்டிச் சம்பளம் கேட்பது

விற்றது முதலாளிக்கே தெரியும். திரும்பி வந்த கண்ணாடிகளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, பவர், லென்ஸ் வகை, என்ன பிசகு, அளவிலா லேபிலா. ஆறு மாத நோட்டில் ரீமேக், அதாவது மறுபடி செய்து கொடுத்தவை, குறைந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். கண் பரிசோதிக்கும் ஆசை இருந்தால் அதற்கு ஆப்டோமெட்ரி படிப்பு தனி, பி.ஆப்டம் பயிற்சியோடு சேர்த்து நாலு வருடம். கவுண்டர் அனுபவத்தை அதற்கு ஈடாகக் காட்ட முடியாது.

பிளஸ் சிலிண்டர் சீட்டைப் பார்த்து முழிப்பது

−3.00 / +1.00 × 90 என்பதும் −2.00 / −1.00 × 180 என்பதும் ஒரே லென்ஸ். முதல் எண் அடிப்படைப் பவரான ஸ்பியர், அடுத்தது ஒரு திசைக்கு மட்டும் சேரும் பவரான சிலிண்டர், கடைசி அதன் கோணமான ஆக்சிஸ். ஸ்பியரோடு சிலிண்டரைக் கூட்டு, சிலிண்டர் குறியை மாற்று, ஆக்சிஸை 90 டிகிரி திருப்பு. லென்ஸ் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் கைவைக்கும் முன் இது மனப்பாடமாக வேண்டும்.